டோவர் வழக்கு: ஒரு நிமிட அறிக்கைக்கு ஏன் ஆறு வாரம் விசாரணை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில், பரிணாமப் பாடம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் ஓடும் அறிக்கை ஒன்றை வகுப்பில் வாசிக்கச் சொன்னார்கள், அவ்வளவுதானே, அதற்கு ஏன் பெற்றோர் நீதிமன்றம் வரை போனார்கள்? இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டு முடிவைப் பிள்ளைகளிடமே விட்டால் என்ன?

நியாயமாகத் தோன்றும் கேள்விதான், முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தீர்ப்பையும் சாட்சியங்களையும் உட்கார்ந்து படித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. எது மாற்றியது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த அறிக்கை. நான்கு சிறு பத்திகள்தான். டார்வினின் கோட்பாடு ஒரு கோட்பாடு மட்டுமே, அது உண்மை என்று நிலைநாட்டப்பட்டதல்ல, அதில் ஆதாரமில்லாத இடைவெளிகள் இருக்கின்றன. உயிரின் தோற்றத்துக்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஓர் அறிவார்ந்த சக்தி வடிவமைத்தது என்பது) என்று வேறொரு விளக்கமும் உண்டு. விரும்புகிறவர்கள் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகம் பள்ளியில் இருக்கிறது. திறந்த மனதோடு இருங்கள். இதுதான் சாரம். ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பிள்ளைகளுக்கு இதை வாசிக்க வேண்டும் என்று பள்ளி வாரியம் சொன்னது.

இதில் முதலில் என்னை நிறுத்தியது, வாசித்தவர்கள் யார் என்பது. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். தெரிந்தே ஒரு பாடத்தைத் திரித்துச் சொல்லக் கூடாது என்று பென்சில்வேனியா மாநில ஆசிரியர் நடத்தை விதிகளில் இருக்கிறது, இதை நாங்கள் வாசித்தால் அந்த விதியை மீறியவர்கள் ஆவோம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்றும் அதே கடிதத்தில் அழுத்தமாக எழுதினார்கள். அதனால் 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். வாசித்து முடித்ததும், இதைப் பற்றி வேறு பேச்சு கிடையாது, உங்கள் ஆசிரியர்களும் இதுபற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் சில வருடம் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தவன். இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. திறந்த மனதோடு இருங்கள் என்று சொல்லிவிட்டு, கேள்வி மட்டும் கேட்காதீர்கள் என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? வருடம் முழுவதும் நடத்தும் வேதியியலுக்கோ இயற்பியலுக்கோ இப்படி ஒரு எச்சரிக்கை கிடையாது, இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மேலிடத்திலிருந்து ஆள் வந்து வாசித்துவிட்டுப் போகிறார் என்றால், இதில் ஏதோ சரியில்லை என்றுதானே பிள்ளை நினைக்கும். நீதிபதியும் பின்னால் இதைத்தான் சுட்டிக்காட்டினார்.

சரி, இது எப்படித் தொடங்கியது? டோவர், பென்சில்வேனியாவில் யார்க் கவுன்ட்டியில் இருக்கும் சிறிய ஊர். பள்ளிகளை நடத்துவது ஊரார் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் கொண்ட பள்ளி வாரியம். அதில் ஆலன் போன்செல், பில் பக்கிங்ஹாம் என்ற இரண்டு பேர் முன்னணியில் இருந்தார்கள். 2002, 2003 ஆண்டுகளில் வாரியம் கூடிப் பேசியபோது எடுத்த குறிப்புகளிலேயே போன்செலின் பெயருக்கு நேராகப் 'படைப்புவாதம்' என்ற சொல் இருக்கிறது, உயிர்களைக் கடவுளே படைத்தார் என்ற கருத்து அது. 2002-ல் இன்னொன்றும் நடந்தது. மாணவர் ஒருவர் வரைந்த, மனிதப் பரிணாமத்தைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று அறிவியல் வகுப்பறையில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள். 2004-ல் புதிய உயிரியல் பாடநூல் வாங்கும் பேச்சு வந்தபோது, அந்தப் புத்தகம் முழுக்க டார்வினிசம் ஊறிக் கிடக்கிறது என்று பக்கிங்ஹாம் எதிர்த்தார். அந்த ஜூன் மாதக் கூட்டத்தில் அவர் சொன்ன வாசகம் தீர்ப்பிலேயே இருக்கிறது: இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிலுவையில் உயிர் விட்டார், அவருக்காக யாராவது எழுந்து நிற்கக் கூடாதா? 2004 அக்டோபர் 18 அன்று வாரியம் 6க்கு 3 என்ற வாக்கில் பாடத்திட்டத்தை மாற்றியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் கேரல் பிரவுன், ஜெஃப் பிரவுன் இருவரும் அன்றே பதவி விலகினார்கள். டிசம்பர் 14 அன்று 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள். முதல் வாதி டாமி கிட்ஸ்மில்லர், அதனால்தான் கிட்ஸ்மில்லர் எதிர் டோவர் பள்ளி மாவட்டம் என்று வழக்குக்குப் பெயர்.

வாரியம் 'படைப்பு' என்று நேராகச் சொல்லாமல் 'வடிவமைப்பு' என்று ஏன் சொன்னது என்பது புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1925-ல் டென்னசி மாநிலம் டேட்டன் ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது, மாநிலச் சட்டம் தடை செய்திருந்த பரிணாமத்தைக் கற்பித்ததாக வழக்கு நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்கோப்ஸுக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோவும் அரசுத் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் மோதிய வழக்கு. அதில் பரிணாமம் ஜெயித்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஜூரி ஒன்பது நிமிடத்தில் ஸ்கோப்ஸ் குற்றவாளி என்று சொல்லிவிட்டது, அபராதம் 100 டாலர். ஐம்பது டாலருக்கு மேல் அபராதத்தை ஜூரிதான் தீர்மானிக்க வேண்டும், நீதிபதி தானே விதித்தது தவறு என்ற காரணத்தால் 1927-ல் மேல்நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் அப்படியே இருந்தது, 1967 வரை. அடுத்த ஆண்டு, 1968-ல், ஆர்க்கன்சாவின் இதே மாதிரித் தடைச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சூசன் எப்பர்சன் என்ற உயிரியல் ஆசிரியை போட்ட வழக்கு அது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், இந்த வழக்குகள் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

தடை செய்ய முடியாது என்று ஆனதும் அடுத்த வழி, "இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்" என்பது. கேள்வி கேட்டவரின் யோசனையேதான். 1981-ல் லூசியானா மாநிலம், பரிணாமம் நடத்தினால் 'படைப்பு அறிவியலும்' நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. 1987-ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அதையும் அடித்தது, நோக்கம் மதம் சார்ந்தது என்று. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி உண்டு: அறிவியல் கல்வியை மேம்படுத்தும் உண்மையான நோக்கத்தோடு பல அறிவியல் கோட்பாடுகளைக் கற்பிப்பது செல்லக்கூடும் என்று. அப்போது படைப்புவாதிகளுக்கு முன்னால் இருந்த ஒரே வழி இதுதான், படைப்பு என்ற சொல் இல்லாமல், அறிவியல் கோட்பாடு என்ற பெயரில் வருவது. இந்த 1987ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை 2005 செப்டம்பர் 26 அன்று ஹாரிஸ்பர்க்கில், கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடங்கியது. ஜூரி இல்லை, நீதிபதி ஜான் ஜோன்ஸ் மட்டும். குடியரசுக் கட்சிக்காரர், 2002-ல் ஜார்ஜ் புஷ் நியமித்தவர். அதே புஷ் விசாரணைக்கு இரண்டு மாதம் முன்னால், இரண்டு தரப்பையும் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேட்டியில் சொல்லியிருந்தார். அதனால் வாரியத்தின் பக்கம் இருந்தவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள்.

பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர், பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர். ஊறிக் கிடக்கிறது என்று பக்கிங்ஹாம் சொன்னாரே, அந்தப் பாடநூலை எழுதிய இருவரில் ஒருவர். கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கைக் கடவுளை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் நடந்த சண்டை என்று சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. வழக்குப் போட்ட பெற்றோரிலும் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள்.

மில்லர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது குரோமோசோம் விஷயம். மனிதனுக்கு 46 குரோமோசோம், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. பொது மூதாதை இருந்தால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? சும்மா தொலைந்துபோயிருக்க முடியாது, அத்தனை மரபணு போனால் உயிரே தங்காது. அப்படியானால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பு நம் உடலில் இருக்க வேண்டும். குரோமோசோமின் இரு நுனியிலும் டெலோமியர் என்ற பகுதி உண்டு, நடுப்பக்கம் சென்ட்ரோமியர் உண்டு. ஒட்டியது உண்மையானால் ஏதோ ஒரு மனிதக் குரோமோசோமின் நடுவில், இருக்கவே கூடாத இடத்தில், டெலோமியர் இருக்க வேண்டும், சென்ட்ரோமியரும் இரண்டு இருந்த அடையாளம் வேண்டும். தேடிப் பார்த்தார்கள். இரண்டாம் எண் குரோமோசோமில் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. இல்லாமல் போயிருந்தால் பொது மூதாதைக் கருத்துக்குப் பெரிய சிக்கல் வந்திருக்கும். கோட்பாடு என்றால் இதுதான், தோற்றுப்போகக்கூடிய இடத்தில் துணிந்து போய் நிற்பது.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் தியரி என்றால் பேச்சுவழக்கில் ஊகம் என்றும் அர்த்தம், அதனால்தான் 'வெறும் தியரி' என்று அங்கே எளிதாகச் சொல்ல முடிகிறது. நமக்குக் கருதுகோள் வேறு, கோட்பாடு வேறு. சோதித்துப் பார்க்க முன்வைப்பது கருதுகோள், சோதனைகளைத் தாண்டி வந்து நிற்பது கோட்பாடு. ஆனாலும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு 'அது வெறும் கோட்பாடுதானே' என்று தமிழிலும் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

இறையியலாளர் ஜான் ஹாட் சாட்சியம் சொன்னது இன்னொரு நல்ல பகுதி. அடுப்பில் பாத்திரத்துத் தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்று கேட்டால், மூலக்கூறுகள் வேகமாக அசைவதால் என்று சொல்லலாம், எனக்கு டீ குடிக்க வேண்டும் என்பதால் என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, ஒன்று மற்றொன்றுக்குப் போட்டி இல்லை. வேதியியல் புத்தகத்தில் 'மூலக்கூறு அசைவது ஒரு கருத்து, டீ குடிக்கும் ஆசை மாற்றுக் கருத்து' என்று எழுதினால்தான் தப்பு. இதைச் சொன்னவர் இறையியல் பேராசிரியர்.

அப்புறம் பார்பரா ஃபாரஸ்ட். லூசியானாவைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியை. அவர் சாட்சி சொல்லவே கூடாது என்று வாரியத் தரப்பு மனுப் போட்டது, நீதிபதி ஏற்கவில்லை. அவர் கையில் இருந்தது, அந்தப் பாண்டா புத்தகத்தின் பழைய வரைவுகள். பதிப்பகத்துக்கு நீதிமன்ற அழைப்பாணை அனுப்பி வாங்கியவை. 1987 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் பக்கத்துக்குப் பக்கம் படைப்பு, படைப்பு என்று இருக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்ததற்குப் பிந்தைய வரைவில் சுமார் 150 இடங்களில் அந்தச் சொல் எடுக்கப்பட்டு, அங்கெல்லாம் அறிவார்ந்த வடிவமைப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. விளக்கம் மாறவே இல்லை. உயிர் வகைகள் ஓர் அறிவார்ந்த சக்தியால் திடீரென்று தோன்றின, மீன் செதிலோடும் துடுப்போடும், பறவை இறகோடும் அலகோடும் சிறகோடும் என்று முன்பு 'படைப்புக்கு' இருந்த அதே வாக்கியம் இப்போது 'வடிவமைப்புக்கு'. ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறிவிட்டது. கிரியேஷனிஸ்ட்ஸ் (creationists, படைப்புவாதிகள்) என்ற சொல்லை அழித்து டிசைன் புரொபோனன்ட்ஸ் (design proponents, வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்) என்று போடும்போது, பழைய சொல்லின் முதல் எழுத்து முன்னாலும் கடைசி எழுத்துகள் பின்னாலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. 'சிடிசைன் புரொபோனன்ட்சிஸ்ட்ஸ்' (cdesign proponentsists). எந்த அகராதியிலும் இல்லாத சொல். பாதி மாறிய நிலையில் அப்படியே காகிதத்தில் பதிந்து கிடந்தது. என்னைக் கேட்டால் வழக்கு முடிந்தது இந்த இடத்தில்தான். இது புதிய அறிவியல் என்று வாதிட வந்தவர்களின் சொந்தப் புத்தகமே எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வாரியத் தரப்பின் முக்கியச் சாட்சி மைக்கேல் பீஹி, லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர். அவர் வாதத்தை நேர்மையாகச் சொல்கிறேன். எலிப்பொறியில் ஒரு பாகத்தை எடுத்தால் அது எலி பிடிக்காது. அதுபோலப் பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழை, ரத்தம் உறையும் முறை, நோய் எதிர்ப்பு மண்டலம் எல்லாம் எல்லாப் பாகமும் சேர்ந்திருந்தால்தான் வேலை செய்யும், ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது, யாரோ வடிவமைத்திருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மில்லரின் பதில்: பாகம் குறைந்தால் பழைய வேலை நடக்காது, சரி, ஆனால் வேறு வேலை நடக்கலாமே. கசையிழையின் அடிப்பகுதியில் உள்ள பத்துப் புரதங்களை ஒத்த அமைப்பு, சில பாக்டீரியாக்களில் விஷத்தை அடுத்த செல்லுக்குள் செலுத்தும் ஊசியாகத் தனியே வேலை செய்கிறது. ரத்தம் உறையத் தேவை என்று சொல்லப்பட்ட காரணிகளில் ஒன்று திமிங்கிலத்துக்கும் டால்பினுக்கும் இல்லை, அவற்றுக்கும் ரத்தம் உறையத்தான் செய்கிறது.

பீஹியைக் குறுக்கு விசாரணை செய்தவர் பெற்றோர் தரப்பு வக்கீல் எரிக் ராத்ஸ்சைல்ட். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படி உருவானது என்பதற்கு அறிவியல் இதழ்களில் விடையே இல்லை என்று பீஹி 1996-ல் புத்தகம் எழுதியிருந்தார். ராத்ஸ்சைல்ட் அதே விஷயம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும், ஒன்பது நூல்களையும், பாடநூல் அத்தியாயங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாட்சியின் முன் அடுக்கி வைத்தார். போதாது என்றார் பீஹி. அவருடைய வரையறைப்படி பார்த்தால் ஜோதிடமும் அறிவியல் கோட்பாடு ஆகிவிடுமே என்று கேட்டபோது, அந்த வரையறைக்குள் அதுவும் வரும் என்று ஒப்புக்கொண்டார். அறிவார்ந்த வடிவமைப்பை ஆதரித்து, சோதனையோ கணக்கோ காட்டி, சக அறிஞர்கள் சரிபார்த்த கட்டுரை ஒன்றுகூட இல்லை என்பதையும் சத்தியம் செய்த கூண்டிலேயே ஏற்றுக்கொண்டார். மேடையில் எதை வேண்டுமானாலும் பேசி நகர்ந்துவிடலாம், குறுக்கு விசாரணையில் கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கு வந்த பாண்டா புத்தகங்கள் 60. யாரோ பெயர் சொல்லாமல் நன்கொடை கொடுத்ததாகச் சொன்னார்கள். யார் என்று தெரியாது என்பதுபோல் பக்கிங்ஹாமும் போன்செலும் முன்கூட்டிய வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார்கள். பிறகு 850 டாலர் காசோலை ஒன்று வெளியே வந்தது. பக்கிங்ஹாம் தன் சர்ச்சில் எழுந்து நின்று திரட்டிய பணம், காசோலை போன்செலின் அப்பா பெயருக்கு. போன்செல் கூண்டில் நின்றபோது நீதிபதியே நேராகக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். படைப்புவாதம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை என்றும் வாரியத்தார் சொல்லியிருந்தார்கள், பக்கிங்ஹாம் அதைச் சொல்லும் டிவி காட்சியை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். தங்கள் நம்பிக்கையைப் பொதுவெளியில் பெருமையோடு சொன்னவர்கள், பின்னால் உண்மையான நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார்கள் என்று தீர்ப்பு சொல்கிறது.

விசாரணை நவம்பர் 4 அன்று முடிந்தது. தீர்ப்பு டிசம்பர் 20, 139 பக்கம். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அது தன் படைப்புவாத வேரிலிருந்து பிரிக்க முடியாதது, வாரியத்தின் முடிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது. பரிணாமக் கோட்பாடு முழுமையானது அல்ல, ஆனால் எல்லாவற்றையும் அது இன்னும் விளக்கவில்லை என்பதற்காக, சோதிக்க முடியாத மதம் சார்ந்த ஒரு மாற்றை அறிவியல் வகுப்புக்குள் திணிக்கக் கூடாது என்று நீதிபதி எழுதினார். அந்த வரியைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும். பரிணாமத்தை விமர்சிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விமர்சனம் ஆய்வுக்கூடத்திலிருந்தும் களத்திலிருந்தும் வரட்டும், தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது, நிலைத்தால் பாடநூலுக்கும் வரும். எல்லாக் கருத்தும் அந்த வரிசையில் நின்றுதான் வகுப்பறைக்குள் வருகிறது. வாரியம் அந்த வரிசையைத் தாண்டி ஒன்றை நேராக உள்ளே கொண்டுபோய் வைத்தது, பிள்ளைகள் கேள்வி கேட்கவும் வழி வைக்கவில்லை. "இரண்டு தரப்பு" என்று சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது, என் எண்ணம் மாறியது இதனால்தான்.

தீர்ப்புக்குப் பிறகு ஜோன்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அவர் குடும்பத்துக்கே கூட்டாட்சிப் பாதுகாவலர்கள் காவல் இருக்க வேண்டியதாயிற்று. அவர் எதிர்க்கட்சி நீதிபதி இல்லை, பிரச்சாரகர் இல்லை, தன் முன் வைக்கப்பட்ட ஆதாரத்தைப் படித்து எழுதியவர், அவருக்கே இந்த நிலை.

தீர்ப்பு வருவதற்கு முன்பே ஊர் தன் பதிலைச் சொல்லிவிட்டது. நவம்பர் 8 அன்று நடந்த வாரியத் தேர்தலில் எட்டு இடங்களுக்கும் நின்ற பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றார்கள். வந்த புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை, அதனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகவில்லை, சட்டப்படி அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்துவது பென்சில்வேனியாவின் ஒரு பகுதியை மட்டும்தான். ஆனாலும் மற்ற இடங்களில் இதே மாதிரி முயற்சி எடுக்க நினைத்தவர்கள் அந்த 139 பக்கத்தையும் செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டியிருந்தது. பெற்றோர் தரப்பு வக்கீல் செலவு இரண்டு மில்லியன் டாலருக்கு மேல் போயிருந்தது, பேசிக் குறைத்து பள்ளி மாவட்டம் 10,00,011 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கடைசியில் இருக்கும் அந்த 11, வழக்குப் போட்ட 11 பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு டாலர் நஷ்டஈடு.